ஒரு சபைக்கே வந்த வாய்ப்புண்

முன்பு எப்போதோ, தும்பைநாடு என்றொரு நாட்டை வச்சிரபாகு என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா தும்மினால் சபையே தும்மும். காலில் முள் குத்தி ராஜா நொண்டினால், தளவாய் முதல் விளக்கேற்றுகிறவன் வரை அத்தனை பேரும் நொண்டுவார்கள். நொண்டாதவனுக்கு ராஜபக்தி இல்லை என்று பேர்.

ஒருநாள் காலையில் ராஜாவின் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு புண் கிளம்பியது. உளுந்தம்பருப்பு அளவுதான். நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. ஆனால் அது படுத்திய பாடு இருக்கிறதே! ரசத்தை வாயில் வைத்தால் தீயை வைத்த மாதிரி இருந்தது. வெற்றிலை போட்டால் சுண்ணாம்பு சுரீரென்றது. சும்மா இருக்கலாம் என்றால் நாக்கு விடவில்லை. எத்தனை விரட்டினாலும் அங்கேயே போய்த் தடவியது. உட்கார்ந்தான், எழுந்தான், உப்பரிகைக்குப் போனான், இறங்கி வந்தான். வடக்கு எல்லையில் பக்கத்து நாட்டுப் படை வேறு கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தது. அது வந்ததிலிருந்தே அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

சபைக்கு வந்து, "வாய்ப்புண்" என்று முனகினான்.

"ஐயோ, அடியேனுக்கும் அதேதான் அரசே!" என்று முதல் ஆளாக எழுந்தார் தளவாய் கோதண்டர். "அதே இடம், அதே வலி. பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை."

உடனே சபை முழுக்க உதட்டைப் பிடித்துக்கொண்டு முனகியது. அமைச்சர் ஏகாம்பரர் மட்டும் பேசாமல் ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்கு அது எரிச்சலாக இருந்தது.

சில நாளில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு புண்கள் வந்தன. ராஜா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தான். கோதண்டர் இதற்காகவே காத்திருந்தவர். எதற்கெடுத்தாலும் ராஜா ஏகாம்பரரை அழைத்துப் பேசுவது அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

"அரசே, இது வெறும் புண் இல்லை, நஞ்சு! மடப்பள்ளிச் சமையற்காரன் முத்திருளன் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றில் கலக்கிறான். எல்லையில் எதிரி, அடுக்களையில் அவனுடைய ஆள். இவனை வேலைக்குச் சேர்த்தவர் யார் என்று நான் சொல்லவேண்டுமா?" என்று அமைச்சரைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

முத்திருளனை இழுத்துவந்தார்கள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"மகாராஜா, நான் ருசி பார்க்காம ஒரு கரண்டி குழம்புகூட அனுப்பினதில்லீங்க. நஞ்சு கலந்திருந்தா நான் உயிரோட இருப்பேனுங்களா?"

"மாற்று மருந்து தின்றிருப்பான்," என்றார் கோதண்டர்.

ராஜாவுக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. வலி ஒருபக்கம், தூக்கமில்லாத கண் ஒருபக்கம். "பொழுது சாய்வதற்குள் இவனை யானைக் காலில் போடுங்கள்!" என்று கத்திவிட்டான். கத்திய வேகத்தில் புண்ணில் பல் பட்டுக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாகன் யானையை முற்றத்துக்கு ஓட்டிவந்தான். சங்கிலிச் சத்தம் கேட்டதும் முத்திருளன் தரையில் விழுந்து ராஜாவைக் கும்பிட்டான்.

"நல்ல தீர்ப்பு அரசே," என்று எழுந்தார் ஏகாம்பரர். ராஜா திடுக்கிட்டான். "ஆனால் குற்றவாளி இன்னொருவரும் இருக்கிறாரே. அவரையும் பிடித்துவிட்டால் யானைக்கு இரண்டு தரம் அலைச்சல் இருக்காது."

"யார் அது?"

"தளவாயைத்தான் கேட்கவேண்டும். கோதண்டரே, உமக்கு வந்ததும் இதே புண்தானே?"

"சந்தேகமென்ன! அரசருக்கு வந்த அதே புண்."

"அரண்மனை மடப்பள்ளியில் சாப்பிட்டீரோ?"

"நானா? அரண்மனைச் சோற்றுக்கு அலைகிற பரம்பரையா எங்களுடையது? என் வீட்டைத் தவிர வேறெங்கும் கை நனைத்ததில்லை. என் மனைவி சமைப்பாள், நான் சாப்பிடுவேன்!" என்று மீசையை நீவினார் கோதண்டர்.

"அப்படியானால் உமக்கு நஞ்சு வைத்தது உம் மனைவி. பாகா, கொஞ்சம் பொறு. சேவகர்களே, அந்த அம்மாளையும் அழைத்து வாருங்கள்."

கோதண்டர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "ஐயையோ, அவள் சாது! இது சும்மா... தானாக வந்த புண்..."

"ஓகோ, தானாகவும் வருமோ? அப்போது அரசருக்கும் தானாகவே வந்திருக்கலாமே. முத்திருளனை எதற்குக் கொல்வது?"

"இல்லை, எனக்கு வந்தது அவ்வளவு பெரிதாக..."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்தான். "கோதண்டரே, வாயைத் திறவும்."

திறந்தார். உள்ளே வெற்றிலைச் சிவப்பு பளபளத்தது. ஒரு கீறல்கூட இல்லை. ராஜா திரும்பிச் சபையைப் பார்த்தான். அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இந்த வாயை நம்பி ஓர் உயிரை வாங்கப் பார்த்தேனே என்று நெஞ்சு கனத்தது. "பிறகு எனக்கு ஏன் வந்தது? அதையாவது சொல்லும் ஏகாம்பரரே," என்று கேட்டுவிட்டு யோசனையோடு நின்றான்.

"அப்படியே அசையாமல் இருங்கள் அரசே. தங்கள் பல் இப்போது எங்கே இருக்கிறது?"

பல் கீழுதட்டின் உள்பக்கம், புண்ணுக்கு ஓரமாக, உதட்டை மென்றுகொண்டிருந்தது.

"எல்லைக்குப் படை வந்த நாள் முதல் இப்படித்தான் மெல்லுகிறீர்கள். கடித்த இடம் புண்ணாகும். கவலையும் கண்விழிப்பும் சேர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். எனக்கும் அடிக்கடி வருவதுண்டு. அரசருக்கு வராத நோய் இந்தச் சபையில் யாருக்கும் வரக்கூடாதே என்று வெளியே சொன்னதில்லை."

"மருந்து?"

"வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். புண்ணில் தேன் தடவலாம். காரம், புளிப்பு, சுண்ணாம்பு கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு மசித்துச் சாப்பிடுங்கள். முக்கியமாகத் தூங்குங்கள். பத்து நாளில் தானே ஆறிவிடும். வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்."

"தூக்கம் எங்கே வருகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது ஏகாம்பரரே," என்றான் ராஜா, சபை கேட்கவே.

அந்த ஒரு தடவை மட்டும் "அடியேனுக்கும்" என்று யாரும் எழவில்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். பிறகு கோதண்டரைப் பார்த்தான். "என் புண்ணைப் பங்கு போட்டுக்கொண்டவரல்லவா நீர், பத்தியத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு ஆறும்வரை, என் பக்கத்தில் உட்கார்ந்து, முத்திருளன் ஊற்றுகிற காரமில்லாத கஞ்சியைத்தான் நீரும் குடிக்கவேண்டும்."

கடைசியில் முத்திருளனைத் தன் கையாலேயே தூக்கி நிறுத்தினான். "தப்பு என்னுடையது. என்ன வேண்டுமோ கேள்."

முத்திருளன் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டான். முற்றத்து யானையைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான்.

"பொன்னும் பொருளும் வேண்டாமுங்க. இனிமே உங்களுக்கு எங்கே வலிச்சாலும் முதல்ல வைத்தியரைக் கூப்பிடுங்க மகாராஜா. யானைப்பாகனை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்."