பெயர் சொல்லி நுழையும் கூடம்

காலை ஐந்தே முக்கால். கூடத்தில் பத்தொன்பது பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவது ஆள் வாசற்படியில் நின்று, "மருதவாணன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அந்தத் தியானக் கூடத்தின் வழக்கம் அது. உள்ளே இருப்பவர்கள் கண்மூடியிருக்கிறார்கள். வருகிறவர் யாரானாலும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். வழக்கத்தை ஏற்படுத்தியவர் வேதவல்லி. வயது முப்பத்தெட்டு. முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை என்பதால், அவரைவிட மூத்த சீடர்களுக்கும் அவர் டீச்சர்தான். அவருடைய போதனைகளைக் குறித்துவைக்க நோட்டு வாங்கியவர்கள் உண்டு. அவர் பேசுவதே குறைவு; யாருடைய நோட்டும் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. வந்தவர்களில் யாரும் வருவதை நிறுத்தவும் இல்லை.

மருதவாணனுக்கு அறுபத்திரண்டு. மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், முட்டி பிடிச்சுக்கிச்சா?"

"ஒரு கேள்வி, டீச்சர்."

செல்போனை நீட்டினார். திரையில் கையெல்லாம் மாவோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் மக நித்திலா. கோயம்புத்தூர்ல கேக் கடை வச்சிருக்கா. பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் ஸ்டோரி போடுவா, ஒரு நாள்ல மறைஞ்சு போற படம். யார் யார் பார்த்தாங்கன்னு அவளுக்குப் பேர் காட்டும். அதனால நான் வேற ஒரு வெப்சைட் வழியா பார்க்கிறேன். அதுல என் பேர் விழாது."

"ஏன் விழக் கூடாது?"

"விழுந்தா பிளாக் பண்ணிடுவா, வெளியாள் பார்க்க முடியாம கணக்கையும் பூட்டிடுவா. முகத்தைப் பார்க்கிறதும் போயிடும்."

"பேச்சு எதனால நின்னுச்சு?"

"பேங்க் வேலையை விட்டுட்டு மாவு பிசையப் போனா. கோபத்துல குடும்ப குரூப்ல 'எனக்கு மகளே இல்லை'ன்னு போட்டுட்டேன். நாற்பது பேர் பார்த்தாங்க."

"அதுல உங்க பேர் விழுந்துச்சா?"

மருதவாணன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊர் பார்க்கத்தானே அவ போடுறா? நான் எதையும் எடுக்கலையே. அன்பாத்தான் பார்க்கிறேன். இதுல என்ன தப்பு?"

"சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க, சார்."

வந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு வேதவல்லி வெளியே போனார். மருதவாணன் கண்ணை மூடினார்.

சற்று நேரத்தில் காலடி கேட்டது. பெயருக்காகக் காத்திருந்தார். வரவில்லை. காலடி நெருங்கி, அவருக்கு நேர் எதிரே நின்றது.

"யாரது?"

பதில் இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பாதங்களை வேட்டிக்குள் மறைத்தார். மூச்சை எண்ணுவது எப்போதோ விட்டுப்போயிருந்தது. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தார்.

மூன்றடி தள்ளி வேதவல்லி நின்றிருந்தார்.

"நீங்களா! பேர் சொல்லக் கூடாதா, டீச்சர்?"

"கூடம் எல்லாருக்கும் திறந்ததுதானே, சார். நான் எதையும் எடுக்கல. அன்பாத்தான் பார்த்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட வேகத்திலேயே மருதவாணன் வாயை மூடிக்கொண்டார்.

வேதவல்லி சிரிக்கவில்லை. வாசலுக்குப் போனார். படியைத் தாண்டி வெளியே நின்று, "வேதவல்லி" என்றார். பிறகு உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மருதவாணன் கேட்டார்: "பேரைச் சொன்ன பிறகு, உள்ளே வராதேன்னு சொல்லிட்டா?"

"வாசல்லயே நிக்கணும், சார்."

2024 மார்ச் 18 அன்று நித்திலா போட்ட ஸ்டோரியை 212 பேர் பார்த்தார்கள். பட்டியலில் மருதவாணன் என்ற பெயரும் இருந்தது. 19ஆம் தேதி ஸ்டோரியையும் தன் பெயரிலேயே அவரால் பார்க்க முடிந்தது.