பட்டத்து யானையைக் கட்டிப்போட்ட ஊர்

முன்னொரு காலத்தில் காஞ்சிரநாட்டைக் குலவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் திடீரென்று அமைச்சர் நன்னயரையும் தளவாய் கோடிராயரையும் அழைத்தார்.

"மேலப்பட்டியும் கீழப்பட்டியும் தரிசாகக் கிடக்கின்றன. ஆளுக்கொரு ஊரில் ஏரி வெட்டுங்கள். சிறந்த ஏரிக்கு என் முத்துமாலை பரிசு!"

கோடிராயருக்கு அமைச்சரைக் கண்டாலே ஆகாது. படையோடு மேலப்பட்டிக்குப் போனார். ஊராரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, மளமளவென்று ஏரியை முடித்தார்.

நன்னயர் கீழப்பட்டிக்குப் போய், "ஏரி எங்கே வேண்டும்? மடை எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், தெருவுக்குத் தெரு சண்டை! அது ஓய்ந்த பிறகே வீட்டுக்கு வீடு மண்வெட்டியோடு வந்தார்கள்.

"அமைச்சர் ஏரியா வெட்டுகிறார்? பஞ்சாயத்தல்லவா பேசுகிறார்!" என்று சபையில் சிரித்தார் கோடிராயர்.

மழை பெய்து இரண்டு ஏரியும் நிரம்பின. கரைகளில் தென்னங்கன்றுகள் துளிர்த்தன. பார்வைக்குக் கோடிராயரின் கரைதான் அழகு. ராஜா முத்துமாலையைக் கழற்றப் போனார்.

"ஒரு சோதனை பாக்கி, மன்னா," என்றார் நன்னயர். "பட்டத்து யானையைப் பாகனில்லாமல் இரண்டு கரையிலும் விட்டுப் பாருங்கள்."

மேலப்பட்டியில் யானை கன்றுகளைப் பிடுங்கித் தின்றது. கரையை மிதித்துச் சரித்தது. ஊரார் வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்தார்கள். "ராசா கரை, ராசா யானை. நமக்கென்ன?"

கீழப்பட்டிக் கரையில் யானை ஏறி ஓரிடம் சரிந்ததுமே பறை முழங்கியது. ஊரே திரண்டது. கரும்பைக் காட்டிக் கீழே இறக்கி, புளியமரத்தில் சங்கிலியால் பிணைத்துவிட்டார்கள்.

"ராஜதுரோகம்!" என்று கத்தினார் கோடிராயர்.

ராஜாவுக்கும் மீசை துடித்தது. "இது யார் யானை தெரியுமா?"

செங்கமலம் என்ற பெண் முன்னே வந்து கும்பிட்டாள்.

"உங்க யானைதான், ராசா. கரை எங்களுது. சரிஞ்ச இடத்தை அடைச்சுட்டு ஓட்டிட்டுப் போங்க."

ராஜா அவளையே பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்துவிட்டார். "நன்னயரே, அத்தனை சண்டையும் இதற்குத்தானா?"

"சண்டை போட்டு வாங்கியதை யாரும் சும்மா விடமாட்டார்கள், மன்னா."

முத்துமாலை நன்னயர் கழுத்தில் விழுந்தது. "கோடிராயரே, மேலப்பட்டிக்குப் போம். ஏரி எப்படி வேண்டுமென்று ஊராரைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து நீரும் மண் சுமந்து கரையைக் கட்டும்!" என்றார் ராஜா.

சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கூடை மண்ணைத் தானே தூக்கினார்.

"ஐயையோ, அங்க வேணாம், ராசா!" என்று ஓடிவந்தாள் செங்கமலம். "எங்க கொட்டணும்னு கேட்டுட்டுக் கொட்டுங்க."

ராஜா கேட்டுவிட்டுக் கொட்டினார்.