பெயர் கேட்காமல் வந்தவன்

சதக்குத்தம்பி மரைக்காயர் புகாராவுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் விசாரித்தது, அங்கிருந்து எப்போது கிளம்பலாம் என்பதைத்தான்.

காயல்பட்டினத்துக்காரன். நெடிய உடம்பு, உப்புக் காற்றில் கறுத்த முகம், நாற்பதைத் தாண்டிய வயது. கப்பலில் சுக்கான் பிடித்தவன். ஓர்முஸிலும் மஸ்கத்திலும் பழகிப் பழகிப் பார்சி மொழி அவன் நாக்கில் தானாக ஒட்டிக்கொண்டது.

சில வருஷங்களுக்கு முன் மஸ்கத் துறையில் அவனுடைய ஊர்க்காரன் ஒருவன் அவனைத் தேடி வந்தான். மென்று விழுங்கி ஒரு செய்தி சொன்னான். பிரசவத்தில் சதக்குவின் மனைவி ஜுலைகா மவுத்தாகிவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை.

ஊருக்குப் போகும் கப்பல் துறையில் நின்றது. பஸராவுக்குப் போகும் கப்பலும் அதன் பக்கத்திலேயே பாய் விரித்து நின்றது. "எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு சதக்கு பஸராக் கப்பலில் ஏறிவிட்டான்.

அப்புறம் அவன் கால் எங்கும் தரிக்கவில்லை. பஸராவில் இருந்தபோது பக்தாது கூப்பிட்டது. பக்தாதில் இஸ்பஹான் கூப்பிட்டது. இஸ்பஹானின் பெரிய மைதானத்தில் நின்றுகொண்டு ஹிராத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டான். எந்த ஊரிலும் நான்கு நாள் தங்கினால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். எழுந்து நடந்துவிடுவான்.

புகாராவில்தான் இல்யாஸ் ஷெய்கைப் பற்றிக் கேள்விப்பட்டான். பதக்ஷான் மலைக்காரர். பழைய நகரங்களுக்கும் மலைப் பள்ளத்தாக்குகளுக்கும் ஆட்களைக் கூட்டிப் போகிறவர். "அவரோடு போனவர்கள் போன மாதிரியே திரும்பி வருவதில்லை" என்று சந்தையில் சொன்னார்கள்.

போய்ப் பார்த்தால், ஷெய்கு அவனைவிடப் பத்து வயது சின்னவர். குளக்கரையில் முசுக்கொட்டை மர நிழலில் உட்கார்ந்து முலாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். சதக்குவுக்குச் சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் கேட்டான்.

"ஷெய்கு, என் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அது நிற்கிற ஊர் எங்கே இருக்கிறது?"

ஷெய்கு ஒரு துண்டை நீட்டினார். "உட்கார்ந்து சாப்பிடும்."

சதக்கு நின்றபடியே தின்று முடித்தான்.

"பழம் எப்படி?"

அவன் யோசித்தான். விரலில் சாறு இன்னும் காயவில்லை. "சமர்கந்துப் பழம் இதைவிட நன்றாக இருக்குமாமே?"

ஷெய்கு கத்தியைத் துடைத்து மடித்தார். "அப்படியானால் சமர்கந்துக்குப் போவோம்."

போனார்கள். இரண்டு கோவேறு கழுதைகள், கொஞ்சம் ரொட்டி, இரண்டு தோல் பைகளில் தண்ணீர். வழியெல்லாம் சதக்கு முன்னால் விரைவதும், ஷெய்கு வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துச் சலித்துக்கொள்வதுமாக இருந்தான். பருத்திக் காடுகள் போயின. மண் கோட்டைகள் போயின. சமர்கந்தின் நீலக் கும்மட்டங்கள் தூரத்தில் தெரிந்தபோது ஒரு நிமிஷம் அவன் மூச்சு நின்றது உண்மை. கும்மட்டத்துக்கும் வானத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நகர வாசலுக்குள் நுழைந்ததும் அவன் கண் கும்மட்டங்களைத் தாண்டிப் போய்விட்டது. கிழக்கே பனி மூடிய மலைகள் தெரிந்தன.

"அங்கே என்ன இருக்கிறது?"

"மலை."

"அதற்கு அந்தப் பக்கம்?"

"இன்னொரு மலை," என்றார் ஷெய்கு.

மறுநாள் காலை அவனை நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டுக்குக் கூட்டிப் போனார். அது கபுருகளால், கல்லறைகளால் ஆன தெரு. படியேற ஏற இருபுறமும் சிறு சிறு கும்மட்டங்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீல ஓடுகள். அரசிகளும் தளபதிகளும் குழந்தைகளும் அங்கே அடங்கியிருந்தார்கள். ஷெய்கு முதல் படியில் கால் வைத்தார். பின்னால் சத்தம் இல்லை.

திரும்பினார். சதக்கு வாசலுக்கு வெளியே, கழுதைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வரவில்லையா?"

"கழுதைகளை யார் பார்த்துக்கொள்வது?"

"வாசல்காரர் பார்த்துக்கொள்வார்."

"நான் இங்கேயே நிற்கிறேன், ஷெய்கு."

ஷெய்கு தனியே மேலே போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காதது சதக்குவுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டிருந்தால் இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

அன்றே கிழக்கே கிளம்பினார்கள். ஆற்றை ஒட்டிய பாதை போகப் போகச் சுருங்கியது. சில இடங்களில் பாதையே இல்லை. செங்குத்துப் பாறையில் முளைகளை அடித்து, மேலே கிளைகளைப் பரப்பி, மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். கீழே ஆறு இரைந்தது. புயலில் பாய்மரம் ஏறியவன் அந்தக் கிளைப் பாதையில் பாறைச் சுவரைத் தடவித் தடவி நடந்தான். ஆனாலும் அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற அவசரம் மட்டும் குறையவில்லை. வாரக்கணக்கில் நடந்தார்கள். கணவாய்க்குப் பின் கணவாய். பாப்ளார் மரங்கள் மஞ்சளாகி இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் விடியற்காலை, சில வீடுகளே உள்ள ஒரு மலைக் குடியிருப்பில் நுழைந்தார்கள். கூரைகளில் சர்க்கரைப் பாதாமிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் புரட்ட ஆள் இல்லை. எல்லோரும் ஒரே வீட்டு வாசலில் நின்றார்கள்.

அந்த வீட்டுப் பெண் நிகீனா, காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் இறந்திருந்தாள். இளவயதுதான். அவளுடைய கணவன் தவ்லத் கம்பளி விற்கக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருந்தான். மற்ற இளைஞர்களும் மேய்ச்சல் மலையில் இருந்தார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர்களுக்கு மலையேறும் கால் இல்லை.

"யாராவது போய் அவனைக் கூட்டி—" என்று ஊர்ப் பெரியவர் தொடங்கினார்.

"நான் போகிறேன்," என்றான் சதக்கு.

அவன் ஏற்கெனவே இடைவாரை இறுக்கிக்கொண்டிருந்தான். சாவு வீட்டிலிருந்து தள்ளிப் போக வழி கிடைத்தது அவனுக்குப் பெரிய நிம்மதி.

ஷெய்கு அவன் தோளைத் தொட்டார். "சொல்லிவிட்டு வந்தால் போதாது. கூட்டிக்கொண்டு வர வேண்டும்."

"கட்டிய கணவன், ஷெய்கு. சொன்னால் ஓடி வரமாட்டானா?"

ஷெய்கு கையை எடுத்துக்கொண்டார்.

சதக்கு ஏறினான். சரளைக்கற்கள் காலடியில் சரிந்தன. காற்று மெலிந்து, இரண்டு அடிக்கு ஒரு மூச்சு வாங்கியது. கணவாயின் உச்சியில் காற்று அவனைத் தள்ளியது. அந்தப் பக்கம் இறங்கிய சிறிது நேரத்தில், சடை எருதுகளின் மேல் கம்பளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டான்.

"தவ்லத்தா?"

"ஆமாம்."

"உன் ஊரிலிருந்து வருகிறேன். நிகீனா... இன்று விடியலில் இறந்துபோனாள்."

தவ்லத்தின் கை கயிற்றின் மேல் நின்றது. பிறகு அதே கை முடிச்சைப் போட்டு முடித்தது. இன்னொரு முடிச்சு போட்டது. தேவையே இல்லாத மூன்றாவது முடிச்சும் போட்டது.

"நீங்களே அடக்கிவிடுங்கள்," என்றான். "எனக்குக் கஷ்கரில் வேலை இருக்கிறது."

முன்னால் நின்ற எருதைத் தட்டினான். அது கீழ்நோக்கி நடந்தது, ஊருக்கு எதிர்த் திசையில்.

சதக்குவின் காதுக்குள் மஸ்கத் துறைமுகத்தின் இரைச்சல் கேட்டது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் ஓடிப் போய் எருதின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தான்.

"விடு."

"போகாதே."

"நீ யார் எனக்குச் சொல்ல?"

தவ்லத் அவன் முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது. சதக்கு கயிற்றை விடவில்லை. மறுபடியும் அறை விழுந்தது. புயலில் சுக்கானைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் போனால் அவள் எழுந்து உட்காருவாளா?" தவ்லத் கத்தினான்.

"மாட்டாள்."

"அப்புறம் எதற்கு வரச் சொல்கிறாய்?"

சதக்குவின் வாயில் வேறொன்றுதான் வந்தது.

"நீ கஷ்கருக்குப் போவாய். அங்கே சோறு இறங்காது. யார்கந்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று தோன்றும். யார்கந்தில் தூக்கம் வராது. அதற்கு அப்பால் ஏதாவது ஊர் இருக்கிறதா என்று வழியில் போகிறவனை எல்லாம் கேட்பாய். எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு ஊரையும் நீ பார்த்திருக்க மாட்டாய்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். சேதி வந்த அன்றைக்கே நான் வேறு கப்பலில் ஏறிவிட்டேன்."

தவ்லத்தின் ஓங்கிய கை இறங்கியது.

"குழந்தை?"

"இருக்கிறது. பெண்."

"என்ன பெயர்?"

சதக்கு வாயைத் திறந்தான். காற்று கணவாயில் ஊளையிட்டது. எருது தலையை ஆட்டியது. அவன் உதட்டிலிருந்து ரத்தம் தாடியில் இறங்கி, அங்கிருந்து கம்பளி மூட்டையில் சொட்டியது. திறந்த வாயை அவனால் மூடவும் முடியவில்லை.

"பெயர்கூடக் கேட்கவில்லையா?" என்றான் தவ்லத். குரலில் கோபம் இல்லை. ஆழம் தெரியாத கிணற்றை எட்டிப் பார்த்தவனைப் போல, அவன் ஓரடி பின்வாங்கினான்.

பிறகு தவ்லத் எருதுகளைத் திருப்பினான். கணவாய் ஏறும்வரை அவன் அழவில்லை. உச்சியிலிருந்து ஊரின் கூரைகள் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டான். சதக்கு பக்கத்தில் உட்கார்ந்தான். அவனை எழுப்பவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஷெய்கு நிகீனாவின் ஜனாஸாவை எடுக்காமல் காத்திருந்தார். பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். ஓடைக் கரையில் குழி வெட்டியிருந்தது. கிழவர்களும் ஷெய்குமாகச் சேர்ந்து வெட்டியது. அவர் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

தொழுகை முடிந்தது. தவ்லத் குழியில் இறங்கினான். மண் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். சுற்றி நின்றவர்களில் அவன் கண் சதக்குவிடம் வந்து நின்றது.

"நீயும் இறங்கு."

சதக்கு ஷெய்கைப் பார்த்தான். ஷெய்கு தரையைப் பார்த்தார்.

இறங்கினான். குழி மார்பளவு இருந்தது. ஈரமும் வேர் வாசனையும். மேலேயிருந்து நீட்டிய வெள்ளைத் துணிப் பொதியை இருவரும் கையேந்தி வாங்கினார்கள். அவ்வளவு லேசாக இருக்கும் என்று சதக்கு நினைக்கவில்லை. வலப்பக்கமாகச் சாய்த்து, மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. சதக்கு குனிந்து அதை நகத்தால் தோண்டி எடுத்தான். அந்த இடத்தைக் கையால் தடவிச் சமப்படுத்தினான். இன்னொரு தடவை தடவினான். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கியபோது தவ்லத்தான் அவனைத் தூக்கி மேலே விட்டான்.

மறுநாள் காலை கணவாயில் பனி விழுந்திருந்தது. ஷெய்கு கழுதைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். சதக்கு வந்து நின்றான். வீங்கிய உதடு, சிவந்த கண். மலைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

"ஷெய்கு, இங்கிருந்து கடலுக்கு எப்படிப் போவது?"

"எந்தக் கடலுக்கு?"

"எங்கள் ஊர்க் கடலுக்கு. காயல்பட்டினத்துக்கு."

ஷெய்கு வாரை இழுத்துப் பார்த்தார். "புகாரா எனக்குத் தெரியும். சமர்கந்து தெரியும். இந்தப் பள்ளத்தாக்குகளில் பெயர் இல்லாத ஓடைகூடத் தெரியும். உம்முடைய ஊர் எனக்குத் தெரியாது."

சதக்கு தலையைக் குனிந்துகொண்டான். "அங்கே போய் அந்தப் பிள்ளையின் முன்னால் எப்படி நிற்பேன், ஷெய்கு? எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் கூட வந்தால்..."

ஷெய்கு கழுதையின் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார்.

"வழி தெரிந்தவர் நீர்," என்றார். "முன்னால் நடவும். நான் பின்னால் வருகிறேன்."