சாம்பி குட்டிகளைத் தூக்கிய கதை

அந்தக் காலத்தில் மிருகம், பூச்சி எல்லாம் வாய் ஓயாமல் பேசும். அதிலும் பூனைகளின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். பூனைகளுக்கு அன்று ஒரு பெருமை இருந்தது: தாய் ஈன்ற படுக்கையிலேயே மகளும் ஈனுவாள். இடம் மாற்றுவது குலத்துக்கே இழுக்கு.

வேலாத்தாள் வீட்டுப் பருத்தி அறையில் சாம்பி என்ற பூனை இருந்தாள். மூலையில் பழைய சாக்கும் பஞ்சுமாக அவள் தாய்வழிப் படுக்கை கிடந்தது. வயிறு கனத்து ஈனும் நாளை எதிர்பார்த்திருந்தபோது, ஒரு மழைநாளில் தெள்ளுப்பூச்சி ஒருத்தி நனைந்துபோய் வந்து நின்றாள்.

"அக்கா, நானும் பிள்ளைத்தாய்ச்சிதான். ஒரு ஓரமாக ஒண்டிக்கொள்கிறேன். பாதியில் போகச் சொல்லிவிடாதே."

சாம்பிக்கு மனசு இளகிவிட்டது. "அட, வந்தவளைப் போ என்று சொல்வேனா? என் வாயால் அந்த வார்த்தை வராது, போதுமா!" என்று சத்தியமே செய்து கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கைத் தவறினால் அந்தக் காலத்தில் ஒரு மிருகமும் முகம் கொடுத்துப் பேசாது.

சாம்பி மூன்று குட்டிகள் ஈன்றாள். தெள்ளும் ஈன்றாள், அவளுடையதற்குக் கணக்கேது! கொஞ்ச நாளில் குட்டிகள் சொறிந்து சொறிந்து துவண்டன. சாம்பி நாக்கு வறளுமட்டும் நக்கித் துடைத்தாள். கடைக்குட்டியோ பால் குடிக்கவும் தலை தூக்கவில்லை.

பருத்தி எடுக்க வந்த வேலாத்தாள் அதன் வாயைத் திறந்து பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ சாமி! ஈறெல்லாம் வெளுத்துக் கெடக்குதே! ரத்தம் பூராவும் போச்சேடி!"

பேன்சீப்பு எடுத்து மயிரோடு மயிராக வாரி, அகப்பட்ட தெள்ளையெல்லாம் கொதிநீர்க் கிண்ணத்தில் உதறினாள். அன்று குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின. விடிந்து பார்த்தால் மறுபடியும் அதே சொறி!

"நேத்துத்தானே சுத்தமா வாரினேன்? எங்கிருந்துதான் வருதோ, தெரியலையே!" என்று வேலாத்தாள் தலையில் கை வைத்தாள்.

சாம்பிக்குப் பொறி தட்டியது. படுக்கையை நகத்தால் கிளறிப் பார்த்தாள். பஞ்சுக்குள்ளே வெள்ளை ரவையாக முட்டைகள், நெளியும் புழுக்கள். இத்தனை நாளும் குட்டியைத் துடைத்தோமே, படுக்கையைப் பார்க்கவில்லையே என்று பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"என்ன இது?" என்றாள் தெள்ளிடம்.

"என் பிள்ளைகள் அக்கா. வளர்ந்ததும் பசிக்கும், உன் குட்டிகளிடம்தான் வருவார்கள். போகச் சொல்ல மாட்டேன் என்று நீதானே சத்தியம் செய்தாய்?" தெள்ளு கூசாமல் சொன்னாள்.

சாம்பி கடைக்குட்டியை மோந்து பார்த்தாள். மூச்சு இழையாக ஓடியது. சத்தியம் ஒரு பக்கம், தாய் படுத்த படுக்கை ஒரு பக்கம். என் பிள்ளை செத்த பிறகு இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"உன்னைப் போ என்று சொல்லமாட்டேன் தாயே. நாங்கள் போகிறோம்."

வேலாத்தாளிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, முட்டையெல்லாம் படுக்கையில்தான் கிடக்கிறது. என்னையும் குட்டிகளையும் நன்றாக வாரிவிடு. நாங்கள் வேறே இடம் பார்த்துக்கொள்கிறோம்."

வேலாத்தாள் தாயையும் பிள்ளைகளையும் ஒரு தெள்ளு மிஞ்சாமல் வாரிவிட்டாள். அதன் பிறகுதான் சாம்பி அந்தக் காலத்தில் எந்தப் பூனையும் செய்யாததைச் செய்தாள். கடைக்குட்டியின் பிடரியை மெல்லக் கவ்வித் தூக்கினாள்.

"அக்கா, எங்கே போகிறாய்? இடத்தையாவது சொல்லிவிட்டுப் போ!" என்று தெள்ளு கத்தினாள்.

வாய் நிறையப் பிள்ளை. சாம்பி பதில் சொல்லவில்லை. பரண் மேல் காய்ந்த ஓலைப்பாயில் அதைக் கிடத்தி, திரும்பி வந்து மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனாள். கீழே வேலாத்தாள் சாக்கைக் கொதிநீரில் முக்கி வெயிலில் போட்டாள். பஞ்சை அடுப்பில் திணித்தாள். மூலை முடுக்கெல்லாம் கூட்டித் தள்ளினாள். சில நாள் கழித்துக் கடைக்குட்டி தானாக ஊர்ந்து வந்து மடியைத் தேடியது. சாம்பி அழுதேவிட்டாள்.

அன்று முதல்தான் குட்டி போட்ட பூனை ஓரிடத்தில் தங்குவதில்லை. நீங்கள் பட்டு மெத்தையே விரித்துக் கொடுத்தாலும், ஒருநாள் பிடரியைக் கவ்விக்கொண்டு, எங்கே என்று வாயைத் திறக்காமல் கிளம்பிவிடும். நன்றி கெட்டது என்று அதைத் திட்டாதீர்கள். முதலில் அந்த மெத்தையை எடுத்து உதறிப் பாருங்கள்.