கை வலிக்காமல் கரடேறிய நால்வர்

சீட் இல்லாத வண்டியை வாங்கிவிட்டு, சீட் தனிப் பார்சலில் வரும் என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தவர்கள் காடையாம்பாறைக்காரர்கள். பார்சல் வரவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள். இது ட்ரையல்ஸ் வண்டி, பாறைமேல் நின்றபடியே ஏற்றுவதற்கென்று செய்தது, இதற்குச் சீட்டே கிடையாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

"அப்ப சீட் வராதுங்களா?"

"வராது."

"லேட்டாக்கூட வராதுங்களா?"

அங்கே போனை வைத்துவிட்டார்கள்.

வாங்கியவர்கள் நாலு பேர். பஞ்சர் கடை செல்லாண்டிக்கு யோசிக்கிற பொறுப்பு. மற்ற மூவரும் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். குழந்தையப்பன் மைக் செட் வாடகைக்கு விடுபவன். அத்தப்பன் எதையும் சந்தேகப்பட்டுக் கேட்பான். பதில் என்று எது வந்தாலும் நம்பிவிடுவான். வண்டி ஓட்டுகிறவன் பொங்கியண்ணன். பிடித்த பிடியை விடமாட்டான். ஊரில் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். வினையே அதுதான்.

போன வருஷம் ஊர் நோன்பித் திருவிழாவன்று, ஊரோரப் பாறைக்குன்றான கரட்டில் வண்டி ஏற்றுகிற போட்டியில், பொங்கியண்ணன் பாதிப் பாறையில் போகும்போது கை பிடித்துக்கொண்டது. மடங்கின விரல் மடங்கினபடியே நின்றுவிட்டது. வண்டி சாய்ந்தது, அவனும் சாய்ந்தான், விரல் மட்டும் சாயவில்லை. எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்பேனர் கொண்டுவந்து ஹேண்டில்பாரை வண்டியிலிருந்து கழற்றி, அவனை அதோடு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ராத்திரி தூக்கத்தில் திடீர் திடீரென்று பிரேக் பிடித்தான் என்று அவன் பெண்டாட்டி நாச்சாயி காலையில் சொன்னாள்.

பக்கத்து ஊர் எருமைக்காட்டுச் சடையன் இதைக் கேட்டுச் சிரித்தான். செல்லாண்டிக்கு ரோசம் வந்தது. "இந்த வருஷம் எங்க பொங்கியண்ணன் கால் ஊனாம கரட்டு உச்சிக்குப் போகலைன்னா, வண்டியை நீயே ஓட்டிட்டுப் போடா" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் பந்தயத்தில் வைத்தது எதை என்று உறைத்தது. நாலு பேருக்கும் அந்த வண்டியைத் தவிர வாழ்க்கையில் பளபளப்பாக வேறொன்றும் கிடையாது.

கோயம்புத்தூரில் பெஞ்சமின் மாஸ்டர் என்று ஒருவர் இந்த வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்குப் போன் போட்டார்கள். மாஸ்டர் பொறுமைசாலி. அன்றைக்கு அப்படித்தான் இருந்தார்.

"ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறான், அதான் கை பிடிச்சுக்குது. உள்ளங்கையில கோழி முட்டை இருக்கிற மாதிரி நெனைச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. உடையாமப் பிடிக்கணும்."

செல்லாண்டி போனை வைத்துவிட்டுச் சொன்னான்: "முட்டை வாங்கணும்."

அத்தப்பனுக்குச் சந்தேகம். "பச்சை முட்டையா, வேக வெச்சதா?"

"மாஸ்டர் சொல்லலையே."

"அவிச்சதா இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும். பொங்கியண்ணன் கைக்கு அதுதான் தோது."

"அப்ப இறுக்கிக்கலாம்கறயா?"

"இறுக்கக்கூடாதுன்னா சொன்னாரு? உடையக்கூடாதுன்னுதானே சொன்னாரு."

இந்த வாதம் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஆனால் வாங்கிவந்த முட்டையை அவித்துத் தர நாச்சாயி மாட்டேன் என்றுவிட்டாள். பச்சை முட்டையோடுதான் பழக வேண்டியதாயிற்று. இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு முட்டையை வைத்துக்கொண்டு பொங்கியண்ணன் வண்டியில் ஏறி நின்றான். கிளட்சைத் தொட்டான். அவ்வளவுதான். வெள்ளைக்கரு கைப்பிடியில் வழிந்தது, கை வழுக்கியது, வண்டி தன் போக்கில் போய் மாட்டுத் தொட்டியில் முன்சக்கரத்தை நனைத்துக்கொண்டு நின்றது.

"கை வலிக்குதா?" என்றான் செல்லாண்டி.

"இல்லை."

"அப்ப மாஸ்டர் சொன்னது சரிதான். முட்டைதான் சரியில்லை."

மறுபடி போன். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. "முட்டையை விடுங்கப்பா. கிளட்சுக்கு ஒரு விரல், பிரேக்குக்கு ஒரு விரல். அது போதும். நாலு விரலையும் லீவர்ல போட்டு இழுத்தா முழங்கை வரைக்கும் இறுகிப்போகும்."

எந்த விரல் என்று கேட்க மறந்துவிட்டார்கள். மாஸ்டரை அடிக்கடி தொந்தரவு செய்வது மரியாதையில்லை என்று, தாங்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

"ஆள்காட்டி விரல்?" என்றான் அத்தப்பன்.

"அது ஊரையெல்லாம் காட்டிக் காட்டி ஏற்கெனவே ஓய்ஞ்சு கெடக்குது."

"நடுவிரல்?"

"சோறு பிசையறது யாரு? அதுதான்."

"மோதிர விரல்?"

"அதுல மோதிரம் இருக்குது. பாரம் வேற."

செல்லாண்டி சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "இதைப் பாருங்க. பொறந்ததுல இருந்து ஒரு வேலையும் செய்யலை. புத்தம் புதுசு. வலிக்கவே வலிக்காது."

மூவரும் தங்கள் தங்கள் சுண்டு விரலை எடுத்துப் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் இதைச் சும்மா வைத்துச் சோறு போட்டிருக்கிறோமே என்று அவர்களுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பொங்கியண்ணனின் மற்ற விரல்களைப் பழைய டியூப் ரப்பரால் கட்டி வைத்தார்கள். சுண்டு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லுக்குழியில் முதல் பாறை வந்ததும் அவன் சுண்டு விரலால் பிரேக் பிடித்தான். பிரேக் பிடிக்கவில்லை, விரல் பிடித்துக்கொண்டது. வண்டி பாறையில் மோதி நின்றது. பொங்கியண்ணன் நிற்காமல் போய் வேலிக்காத்தானுக்குள் இறங்கினான். முள்ளை எடுக்கலாம் என்றால் அவனுக்கு விரல் இல்லை. எல்லாம் கட்டிக் கிடந்தது.

மூன்றாவது போனில் மாஸ்டர் நடந்ததை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அவன் மூச்சை அடக்கிட்டு ஓட்டறானா?" என்றார்.

பொங்கியண்ணனைக் கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, "ஆமா, பாறை வந்தா மூச்சு நின்னுபோகுது" என்றான்.

"மூச்சை அடக்கினா உடம்பு இறுகும், உடம்பு இறுகினா கையும் இறுகும். யாராவது பக்கத்துல நின்னு ஞாபகப்படுத்துங்க. இழு, விடு. அவ்வளவுதான்."

இது குழந்தையப்பனுக்கென்றே வந்த வேலை. ஹாரனைப் புளியமரத்தில் கட்டினான், மைக்கை ஊதிப் பார்த்தான். "ஹலோ, ஹலோ. மூச்சு. மூச்சு." அக்கம்பக்கத்துக் காட்டில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து மூச்சு இழுத்தார்கள்.

வண்டி கிளம்பியது. "இழு... விடு... இழு... விடு..." அருமையாகப் போயிற்று. வழுக்குப்பாறை வந்தது. "இழு!" என்றான் குழந்தையப்பன். பொங்கியண்ணன் இழுத்தான். முன்சக்கரம் தூக்கிக்கொண்டது, பின்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது, ஏறுமா ஏறாதா என்று குழந்தையப்பன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்த சுவாரசியத்தில் "விடு" சொல்ல மறந்துவிட்டான்.

பொங்கியண்ணன் காத்திருந்தான். சொல்லாமல் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பிறகு வண்டியோடு மெதுவாக, ஒரு மூட்டையைப் போல, பக்கவாட்டில் சரிந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "இப்ப விடலாமா?"

நோன்பி நெருங்கிவிட்டது. செல்லாண்டி கடைசியாக ஒரு தடவை போன் போட்டான். குரலில் அழுகை இருந்தது. "மாஸ்டர், வண்டி போயிருமுங்க."

மாஸ்டருக்கு இரக்கம் வந்தது. "இனிமே புதுசா எதுவும் பண்ணாதீங்கப்பா. போட்டி வரைக்கும் அவன் கைக்கு நல்லா ஓய்வு குடுங்க. போட்டியன்னைக்குப் பாரத்தைக் கால் தாங்கட்டும். கை சும்மா இருக்கட்டும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பொங்கியண்ணன் கைக்கு ஓய்வு. அத்தப்பன் சோறு ஊட்டினான். குழந்தையப்பன் தலை சீவிவிட்டான். ஈ உட்கார்ந்தால் துரத்தச் செல்லாண்டி துண்டோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளையாரைத் தாண்டிப் போகும்போது அவனுக்குப் பதிலாக இன்னொருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

நாச்சாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதென்ன புதுசா? தாலி கட்டறப்பவும் இந்த மனுசன் ஒரு முடிச்சுத்தான் போட்டாரு. மீதியை இவரு அக்கா, எங்க நங்கையாதான் போட்டாங்க."

"அதனாலதான் அம்மிணி அன்னைக்குக் கை வலிக்கலை" என்றான் செல்லாண்டி.

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். அவனுக்கு யோசனை வந்துவிட்டது.

"டேய், கேளுங்கடா. கை ஏன் வலிக்குது? ஹேண்டில்பாரைப் பிடிக்கிறதால. பிடிக்கலைன்னா?"

"வண்டி விழும்" என்றான் அத்தப்பன்.

"அப்ப யாராவது பிடிக்கணும். பொங்கியண்ணன்தான் பிடிக்கணும்னு யாரு சொன்னா?"

அத்தப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். யாரும் சொன்னதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

நோன்பியன்று கரட்டடியில் கூட்டம். நடுவர், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் குப்பண்ணன். கயிறு அறுந்துபோன விசிலை எப்போதும் பல்லுக்கு நடுவிலேயே வைத்திருப்பார். அதை ஒதுக்கிக்கொண்டு விதியைச் சொன்னார்: "விசில் ஊதினாக் கெளம்பணும். உச்சிக்குப் போனதும் மறுபடி விசில் ஊதுவேன். அதுவரைக்கும் வண்டியில நிக்கிறவன் கால் தரையில படக்கூடாது. பட்டா முடிஞ்சுது."

விசில் ஊதியது. பொங்கியண்ணன் வண்டிமேல் நின்றான், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு. செல்லாண்டி வலது கைப்பிடியை, குழந்தையப்பன் இடது கைப்பிடியை, அத்தப்பன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். சமதரையில் பிரமாதமாகப் போயிற்று. முதல் பாறையில் வண்டி ஏறமாட்டேன் என்றது. "தூக்கு!" என்றான் செல்லாண்டி. தூக்கினார்கள்.

வண்டி எடை குறைவு. பொங்கியண்ணன் அப்படியில்லை.

"சார், இது அநியாயமுங்க!" என்று சடையன் கூடவே ஏறி வந்து கத்தினான். "வண்டியே ஏறலீங்க, இவனுக தூக்கிட்டுப் போறானுக!"

செல்லாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னான். "ஏண்டா சடையா, சப்பரத்துல வெச்சு நாம தூக்கிட்டுப் போறோம். சாமி மலை ஏறுச்சுன்னு சொல்றயா, சுமந்த ஆளுக ஏறுனாங்கன்னு சொல்றயா?"

கூட்டத்தில் ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உச்சிக்கு வந்துவிட்டார்கள். பொங்கியண்ணன் காலில் தூசிகூட இல்லை. இதைப் பார்த்து வாத்தியாருக்கு வாய் பிளந்துவிட்டது. பிளந்த வாயிலிருந்து விசில் நழுவி, பாறையில் தட்டி, ஆழமான ஒரு வெடிப்புக்குள் போய் விழுந்தது.

"சரி, முடிஞ்சுது, எறங்குடா" என்றார் வாத்தியார்.

"எறங்காதடா!" என்று அலறினான் செல்லாண்டி. "விசில் ஊதற வரைக்கும் கால் படக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான்தான்டா இப்பச் சொல்றேன்!"

"அதெப்படிங்க சார்?" என்றான் சடையன். "விசில் விசில்தானுங்க. அவன் கால் பட்டா வண்டி எனக்கு."

வாத்தியார் நாலு பேரையும் பார்த்தார், சடையனையும் பார்த்தார். பிறகு கரட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு யோசிக்கலாம் என்று பார்த்தால் கையை எடுக்க முடியவில்லை. சுமந்த மூன்று பேருக்கும் விரல்கள் இறுகி வண்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

"கை வலிக்குதுடா பொங்கியண்ணா" என்றான் அத்தப்பன் அழாத குறையாக.

"எனக்கு வலிக்கலையே" என்றான் பொங்கியண்ணன். அதில் எல்லோருக்கும் ஒரு ஆறுதல்.

அப்படியே ஊருக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். பொங்கியண்ணன் வண்டிமேல் நின்றபடி வந்தான். சடையன் முதுகை வளைத்து, அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டு, பொங்கியண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தான். வெயில் ஏறியது. யாரும் சாப்பிடவில்லை. பொங்கியண்ணனின் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. ஒரு பாதம் சறுக்கி, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. சடையன் மண்டி போட்டுக் குனிந்தான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அடுப்பில் குக்கர். நீளமாக, கணீரென்று ஒரு விசில்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இது செல்லுமா?" என்றான் அத்தப்பன்.

சடையனுக்கும் பசி. நியாயமாக யோசித்தான். "விசில் ஊதணும்னுதான் வாத்தியார் சொன்னாரு. யாரு ஊதணும்னு சொல்லலை. ஒரு விசிலுக்கு ஒரு கால்தான், பார்த்துக்க."

பொங்கியண்ணன் இடது காலை ஊன்றினான். இரண்டாவது விசில் வந்தது. வலது காலை ஊன்றினான். "வண்டி உங்களுதுதாண்டா" என்று சடையன் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டான். மூன்று பேரும் கை தட்டப் பார்த்தார்கள், முடியவில்லை.

மூன்றாவது விசில் அடித்தது.

பொங்கியண்ணன் திகைத்தான். கால் இரண்டும் தீர்ந்துவிட்டன. சொன்னதை மீறுகிற வழக்கம் இல்லாதவன். குனிந்து ஒரு கையை ஊன்றினான், நாலாவது விசிலுக்கு இன்னொரு கையையும் ஊன்றினான். இத்தனை நாள் ஓய்வெடுத்த கை, மண்ணைத் தொட்டதுமே வெடுக்கென்று பிடித்துக்கொண்டது.

செல்லாண்டி அவசரமாக உள்ளே பார்த்துக் கேட்டான். "அம்மிணி, குக்கர்ல என்ன வேகுது?"

"கொண்டைக்கடலைங்ணா."

"அதுக்கு எத்தனை விசில்?"

"அது ஆகும், ஏழெட்டு."

நாலு காலாக நின்ற பொங்கியண்ணனைச் செல்லாண்டி மேலும் கீழும் பார்த்தான். "தலை ஒண்ணு பாக்கி இருக்குது. மீதி விசிலுக்கு எதையடா ஊனறது?"

சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "கவலைப்படாதீங்க. நான் போயி எங்க ஊர் ஆளுகளைக் கூட்டியாறேன்."