ஏலம் போகாத வீடு

நாட்டில் நோட்டெல்லாம் வெறும் காகிதமாகிப்போன வருஷம் அது. கடனுக்குப் பிடித்த வீடுகள் தெருத்தெருவாக ஏலத்துக்கு வந்தன. திருமேனியின் வீடு மட்டும் மூன்று தடவை தண்டோரா போட்டும் விலைபோகவில்லை.

அதைச் சொல்லத்தான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கரைமடத்து அம்மையிடம் வந்திருந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

“வீட்டைக் காப்பாத்திட்டேன் தாயே.”

“எப்படிப்பா?”

“நாங்க நாலு பேரும் ஆத்தோட போயிட்டோம்னு ஊரை நம்பவச்சோம். செருப்பைக் கரையில விட்டுட்டு, பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள புகுந்துக்கிட்டோம். விளக்கு ஏத்துறதில்ல, கோலம் போடுறதில்ல. ஏலக்காரன் வந்தா செண்பகம் உள்ள இருந்து அம்மிக்குழவிய உருட்டுவா. வந்தவன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுவான்.”

“உன் பொஞ்சாதி நல்லா உருட்டுவாளா?”

“அவளா? பேயே பயந்துபோகும்.”

இருவரும் சிரித்தார்கள்.

“சாப்பாட்டுக்கு?”

திருமேனியின் சிரிப்பு நின்றது.

“கொல்லையில முருங்கை இருக்கு. அமாவாசையானா எதிர்வீட்டுக்காரி எங்க வாசல்ல படையல் வைக்கிறா. செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரியே, சோறு, வடை எல்லாம். பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிடுவா. நாங்க எடுத்துச் சாப்பிடுறோம்.”

“சரி.”

“நேத்து சின்னவ பூவரசி பட்டப்பகல்ல வாசல்ல போய் நின்னுட்டா தாயே. பதறிப்போய் இழுத்தேன். ‘பயப்படாதப்பா, நாமதான் யாரு கண்ணுக்கும் தெரியமாட்டமே’ன்னா.”

“யாராவது பாத்தாங்களா?”

“தெருவுல நாலஞ்சு பேர் போனாங்க.” அவர் குரல் இறங்கியது. “ஒருத்தர்கூடத் திரும்பல. வீடு கையில இருக்கு. ஆனா எனக்கு ஏன் தாயே இப்படி நடுங்குது?”

அம்மை எழுந்தாள். அவர் முன்னால் இலை போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

படையல் வைத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். போனவர்கள் வந்து உண்ணட்டும் என்று, இருப்பவர்கள் வெளியேறிவிடுவார்கள்.

இலையில் ஆவி பறந்தது. திருமேனி சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து ஓடிக் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

“தாயே! திறங்க! நான் உயிரோடதான் இருக்கேன்!”

வெளியிலிருந்து அம்மையின் குரல் நிதானமாக வந்தது.

“என்கிட்ட ஏன்பா சொல்றே? உன் தெருவுல போய்ச் சொல்லு.”