ஏரிக்கரை வீடும் எட்டாத சாமியும்

பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி நின்ற தன் வீட்டை விற்க ஏற்பாடு செய்தார் பெரிய மனிதர் திருவேங்கடம். வீட்டு வேலை செய்யும் குப்பம்மாளைக் கூப்பிட்டார்.

"வர்றவங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லணும். ஆனா மழை, வெள்ளம், தண்ணின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்கய்யா."

வாங்க வந்த வாத்தியார் மாசிலாமணிக்கு வீடு பிடித்துவிட்டது. புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஜன்னல் நிறைய ஏரி. அட்வான்ஸை எடுக்கப் போனவர் பூஜை அறையில் நின்றுவிட்டார். சாமி படங்களெல்லாம் உத்தரத்தை ஒட்டித் தொங்கின. பூ வைக்கவே ஏணி வேண்டும்.

"ஏம்மா, சாமியை எதுக்கு அவ்வளவு உயரத்துல மாட்டியிருக்கீங்க?"

திருவேங்கடம் இருமினார்.

குப்பம்மாள் பணிவாகச் சொன்னாள்: "சாமிக்கு நீச்சல் தெரியாதுங்களே."

வாத்தியார் வாசலில் செருப்பைத் தேடினார். திருவேங்கடம் குப்பம்மாளை முறைத்தார். சொல்லக் கூடாத மூன்றில் ஒன்றைக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.